முழு அட்டை வேண்டாம்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் உங்கள் பேத்தி வாலு தாத்தா மடி என்று நினைத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்ந்து தூங்கினாள். பாவம், அந்த மனிதர் அசையவே இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்தாலே வலி போய்விடும் என்று அலமாரியில் வைத்திருக்கிறீர்களா?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உங்களோடு போனில் பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். காது கேட்காததை மறைக்க, நான் என்ன சொன்னாலும் "சரிம்மா, ரொம்ப சந்தோஷம்" என்கிறீர்கள். போன மாதம் வாலுவுக்குக் காய்ச்சல் என்றேன். அதற்கும் ரொம்ப சந்தோஷம். வீடியோவில் வந்தால் உங்கள் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகின்றன. ஆகவே இனி முக்கியமான விஷயமெல்லாம் கடிதத்தில்தான்.

முக்கியமான விஷயம் இது. அங்கே இருந்த நாட்களில் உங்களைக் கவனித்தேன். காலையில் ரொட்டிக்கு ஒரு நடை. வந்து உட்கார்ந்ததும் சோப்பு இல்லையென்று ஒரு நடை. மொட்டை வெயிலில் கடிகார பேட்டரிக்கு ஒரு நடை. சாயங்காலம் மாத்திரைக்கு. அதுவும் இந்த முழங்காலோடு! அதனால்தான் உங்கள் போனில் சாமான்களை வீட்டுக்கே வரவழைக்கும் ஆப் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் ஒன்றும் அழுத்த வேண்டாம், நானே இங்கிருந்து போட்டுவிடுவேன். வந்தால் கதவைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எனக்கெல்லாம் அது இல்லாமல் நாள் ஓடாது. ஊரிலுள்ளவர்களுக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்துவிட்டு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது. அதற்குமேல் கடையில் போய் வரிசையில் நின்றால் வாலுவோடு எப்போது உட்காருவது?

அடம் பிடிக்காதீர்கள். அவரும் உங்களை விசாரித்தார்.

அன்பு மகள்

பிப்ரவரி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். முழங்காலும் நலம், அது தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மாப்பிள்ளையையும் வாலுவையும் கேட்டதாகச் சொல்.

நீ அனுப்புவதெல்லாம் வந்து சேருகிறது. முதல் நாள் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டம்மா வந்து தோளைத் தட்டிச் சொன்னார். மறுநாள் உஷாராக வாசல் கதவைத் திறந்து வைத்து, நாற்காலி போட்டு, காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொண்டுவந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வேர்த்து ஊற்றுகிறது, தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். மனிதர் முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிந்தார். லேட்டானால் அவருக்குக் கெட்ட பேராம். எனக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் பையைப் படியில் வைத்துவிட்டு ஓட்டமாய் ஓடுகிறார். தண்ணீர் கொடுத்துவிடுவேனோ என்று பயம்.

ஒன்றே ஒன்று. மாத்திரையை மட்டும் அதில் போடாதே. பிரஷர் மாத்திரை, டாக்டர் திடீரென்று அளவை மாற்றினால் வாங்கி வைத்ததெல்லாம் வீண். நான் வழக்கம்போலத் தெருமுனை மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன். மருந்துக்கடைக்காரம்மா அட்டையில் தேதி அச்சடித்த பக்கத்தை விட்டுவிட்டு இரண்டு இரண்டாக நறுக்கென்று வெட்டிக் கொடுப்பார். லேத்தில் இத்தனை வருடம் இரும்பு கடைந்தவன் சொல்கிறேன், அவ்வளவு நேராக வெட்ட எல்லோருக்கும் வராது.

இன்னொன்று கேட்க வேண்டும். இந்த ஆப்பால் உனக்கு நேரம் மிச்சமாகிறது என்கிறாயே, மிச்சமான நேரத்தை எங்கே வைத்திருக்கிறாய்?

ஆசியுடன்
அப்பா

பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். வாலுவுக்கு முன்பல் ஆடுகிறது. வீட்டிலேயே பல் செய்கிறவள் இருக்கும்போது என்ன கவலை என்று அவளுடைய அப்பா கிண்டல் செய்கிறார்.

அப்பா, நிஜமாகவே இரண்டு இரண்டாகவா வாங்குகிறீர்கள்? நான் ஏதோ ஒரு தடவை சில்லறை இல்லாமல் அப்படி வாங்கினீர்கள் என்று நினைத்தேன். தினம் சாப்பிட வேண்டிய மாத்திரையை யாராவது இரண்டு நாளுக்கு ஒரு முறை வாங்குவார்களா? டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அளவு இப்போதைக்கு மாறாது என்றார். அதனால் மூன்று மாதத்துக்கு முழு அட்டைகளாகப் போட்டுவிட்டேன். கையோடு வந்துவிடும். இனி மாத்திரைக்காக ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டாம்.

நேரத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். வக்கீல் மாதிரி கேட்காதீர்கள். எங்கேயோ வைத்திருக்கிறேன், தேடி எடுத்துச் சொல்கிறேன்.

அன்பு மகள்

மார்ச் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். மாத்திரைப் பெட்டி வந்தது. ஒரு கல்யாணத்துக்கே பரிமாறலாம், அவ்வளவு இருக்கிறது. உன் அக்கறைக்கு நான் என்ன சொல்ல.

இரண்டு இரண்டாக வாங்கும் பழக்கம் எப்படி வந்தது என்றால், உங்கம்மாவுக்கு வாங்கித்தான். கடைசி மாதங்களில் டாக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தார் இல்லையா. முழு அட்டை வாங்கினால் வீணாகும் என்று மருந்துக்கடைக்காரம்மாதான் வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். அம்மா போன பிறகு எனக்கு மாத்திரை வந்தது. கை தானாக இரண்டு விரலைக் காட்டியது, அவரும் தானாக வெட்டினார். அப்படியே நின்றுவிட்டது.

ஆனாலும் அந்தக் கடைக்குப் போகாமல் முடியாது பாப்பா. பிரஷர் பார்க்க வேண்டுமே. அங்கே மிஷின் இருக்கிறது. அந்த அம்மா காசு வாங்காமல் பார்த்துச் சொல்லுவார். கணவர் போய் ரொம்ப வருடமாகிறது, தனியாளாகக் கடையை நடத்துகிறார். என்றாலும் முகம் சுளிக்க மாட்டார். உன் ஆப்பால் பிரஷர் பார்க்க முடியுமா, சொல்.

வெயில் ஏறிவிட்டது. வாலுவை மத்தியானம் வெளியே விடாதே.

ஆசியுடன்
அப்பா

மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். விழுந்த பல்லை வாலு உங்களுக்கு அனுப்பச் சொல்கிறாள். நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

பிரஷர் மிஷின்தானே? இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அது வந்திருக்கும். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் எண் வரும். காலையும் மாலையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். வேறு என்ன குறை இருந்தாலும் சொல்லுங்கள். உங்களை வீட்டை விட்டு இறங்கவிடாமல் வைப்பதுதான் என் லட்சியம்.

அன்பு மகள்

ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாம் சரி. மிஷின் வந்தது. நல்ல மிஷின், ஆனால் தப்பாகக் காட்டுகிறது.

எப்படித் தெரியும் என்கிறாயா? வீட்டில் பார்த்தால் சரியாக இருக்கிறது. அதே நாள் கடைக்குப் போய், மருந்துக்கடைக்காரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்தால் ஏறியிருக்கிறது. மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் சோதித்துவிட்டேன். வீட்டில் சரி, கடையில் கூடுதல். அவருடைய மிஷின் பல வருடமாக ஓடுகிறது, அது பொய் சொல்லாது. ஆகவே உன் மிஷின்தான் கோளாறு. அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியாது அல்லவா?

பெட்டியில் வந்த மாத்திரைகளை இன்னும் பிரிக்கவில்லை. கடையில் வாங்குவதையே சாப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடையில் இப்போது கூட்டமே இல்லை. எல்லோரும் வீட்டுக்கே வரவழைக்கிறார்களாம். முன்பெல்லாம் கவுண்டரில் முண்டியடிக்க வேண்டும். இப்போது எனக்கு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லும் அளவுக்கு இடம். அந்த அம்மா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து என் வலப்பக்கம் நின்றுதான் பேசுவார். இடது காது லேத் சத்தத்தில் போய்விட்டது என்று நான் சொன்னதே இல்லை. அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். அதனால் அவர் பேசுவது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது.

மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

ஆசியுடன்
அப்பா

ஏப்ரல் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு பிரஷர் ஏறிவிட்டது. எண் கூடுதலாக வருகிறது என்பதை இவ்வளவு சாவகாசமாகவா எழுதுவது? வீட்டுக்கே வந்து பார்க்கும் டாக்டருக்கு ஆப்பில் பதிவு செய்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை வருவார். தயவு செய்து அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஊர்க்கதை கேட்காதீர்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் கடை மிஷின்தான் பழசாகிக் கெட்டிருக்கிறது. பல வருடம் ஓடினால் அது பொய் சொல்லாதா? இனி அங்கே பார்க்க வேண்டாம். வீட்டில் அத்தனை மாத்திரையை வைத்துக்கொண்டு கடையில் போய் இரண்டு வாங்குவதும் எனக்குப் புரியவில்லை. பெட்டி வேண்டாமென்றால் அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுங்கள், வசதி இல்லாத யாருக்காவது கொடுக்கட்டும். வேறு பெட்டி அனுப்புகிறேன், அதையாவது பிரியுங்கள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது அப்பா, நான் எத்தனை விஷயத்தைத்தான் பார்ப்பது?

திட்டுவதாக நினைக்காதீர்கள். அவருக்கு இருமல் விட்டது.

அன்பு மகள்

மே 19

பாப்பாவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

டாக்டர் வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டு மிஷினும் சரி என்றார்.

நீ சொன்னபடி மாத்திரைப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனேன். மருந்துக்கடைக்காரம்மா பெட்டி மேலிருந்த ஆப்பின் பெயரைப் பார்த்தார். திறந்து அட்டைகளைப் பார்த்தார். "இவ்வளவையும் வீட்டுல வச்சுக்கிட்டா இங்க வந்தீங்க?" என்றார். மகள் அனுப்பினாள் என்றேன். வேறு என்ன சொல்ல? "அப்ப இனிமே அலைய வேண்டாம் சார்" என்றார். பிறகும் ஏதோ சொன்னார். கவுண்டருக்குள் நின்றபடி, என் இடப்பக்கமாக. கேட்கவில்லை. திரும்பக் கேட்காமலே வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் போகவில்லை. அந்த அம்மா கடையை ஜூன் கடைசியில் மூடிவிட்டுத் தன் தம்பி இருக்கும் ஊருக்கே போகிறாராம். ரொட்டிக் கடையில் சொன்னார்கள்.

நீ சொன்னதுதான் சரி. எல்லாம் வீட்டுக்கே வருகிறது. வெளியே போக ஒரு காரணமும் இல்லை.

வாலுவுக்கு முத்தம்.

அப்பா

ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் நலமா? சாப்பிடுகிறீர்களா? நிஜமாகக் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்யும் அக்காவிடம் புலம்பினேன். எங்கப்பாவுக்கு வீட்டில் பிரஷர் சரியாக இருக்கிறது, மருந்துக்கடையில் அந்த அம்மா பார்த்தால் ஏறுகிறது, டாக்டர் எல்லாம் சரி என்கிறார், இப்போது என்னவென்றால் மனிதர் வெளியே போவதையே விட்டுவிட்டார் என்றேன். அந்த அக்கா கையிலிருந்த மெழுகுத் தாடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "உனக்கு மக்கு மண்டைடி" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அம்மாவுக்கு மருந்து வாங்கின கடை அது. அங்கேயா என்று மனசு கேட்டது. நாலைந்து நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. உங்கள் மாப்பிள்ளைதான் ஒரு நாள் கேட்டார்: "உங்கப்பா தனியா இருக்கணும்னு நினைக்கிறியா, இல்ல உங்கம்மா போகாம இருந்திருக்கணும்னு நினைக்கிறியா?" குளியலறையில் போய் அழுதேன். இரண்டாவதுதான் அப்பா. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒரே ஒரு கேள்வி, கேட்டுவிடுகிறேன். அம்மா இருந்தபோதே அப்படி ஏதாவது இருந்ததா? இல்லையென்று நீங்கள் சொன்னால் நம்புவேன்.

நேரத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்களே. தேடிப் பார்த்தேன், இல்லை. மிச்சமானதையெல்லாம் கூடுதல் வேலைக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கே தாடைகளைக் கொண்டுவந்து கட்டுகிறேன். வாலு பக்கத்தில் உட்கார்ந்து, இது யாருடைய வாய் அம்மா என்று கேட்கிறாள். அரிசி தூக்கி வருவதிலிருந்து என்னைக் காப்பாற்றியது ஆப்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து உங்களைக் கூண்டில் உட்காரவைத்துவிட்டேன். பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

மாத்திரையை ஆப்பில் நிறுத்தட்டுமா? நீங்கள் மறுபடி இரண்டு இரண்டாக வாங்கலாம். ஆனால் ஜூன் முடிய அதிக நாள் இல்லை. கடை மூடிவிட்டால் எதை வாங்கப் போவீர்கள்? எனக்கு வழி தெரியவில்லை அப்பா. போங்கள் என்று மட்டும் தெரிகிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போங்கள்.

அன்பு மகள்

ஜூன் 21

என் கண்ணே,

நலமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கிறது, நேற்று நிறைய நடந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். இல்லை. உங்கம்மா இருந்தவரை அது எனக்கு மருந்து விற்கும் கடை, அவ்வளவுதான். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் ஆணா பெண்ணா என்று கேட்டாலும் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். அம்மா போன பிறகும் ரொம்ப நாள் அப்படித்தான். எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. உனக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. அறுபத்தெட்டு வயதுக் கிழவன் மகளிடம் என்னவென்று எழுதுவான்? அதனால் மாத்திரை, மிஷின் என்று சுற்றிச் சுற்றி எழுதினேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் என்ன கேட்பது என்று யோசித்தேன். மாத்திரை கேட்க முடியாது, நீ அனுப்புவது அவருக்கே தெரியும். பிரஷர் பார்க்கச் சொல்ல முடியாது, மிஷின் இருக்கிறது. தைலம், பஞ்சு, இருமல் மருந்து எல்லாம் நீ அனுப்பிவிட்டாய். உன்னை என்ன சொல்லித் திட்டுவது? ஒரு பொருளைக்கூட நீ மிச்சம் வைக்கவில்லை.

கடையில் பாதி அலமாரி காலி. அவர் அட்டைப் பெட்டிகளில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, தெரியாதவரைக் கேட்பது போல, "என்ன வேணும் சார்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். உங்களைப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

எனக்குக் காது கேட்காதல்லவா, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. எதிர்த் தையல் கடையில் மிஷின் நின்றது. அவர் முகம் சிவந்து போய், கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தார். "இதைச் சொல்லவா நாலு வருஷமா மாத்திரை வாங்கினீங்க?" என்றார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது பாப்பா. "நான் கேட்டேன், சரி. நீங்க ஏன் வெட்டிக் கொடுத்தீங்க? முழு அட்டையா வாங்கிக்கங்கன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

எவ்வளவோ பேர் அவரிடம் இரண்டு மாத்திரை கேட்டு, தினம் சாப்பிடுறதுன்னா அட்டையா வாங்கிக்கங்க என்று திட்டு வாங்கியதை நானே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். என்னிடம் மட்டும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அது அந்த நிமிடம் வரை எனக்கும் தோன்றவில்லை. அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு இரண்டு பேரும் ஆற்றங்கரை வரை நடந்தோம். கையில் பை இல்லாமல் அந்தத் தெருவில் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. கடை மூடுவது மூடுவதுதான், அதில் மாற்றமில்லை என்றார். தம்பி ஊருக்குப் போவதை மட்டும் இப்போது யோசிக்கிறாராம். போகாதீர்கள் என்று நேராகவே கேட்டேன். "யோசிக்கிறேன்னுதான் சொல்லியிருக்கேன், அவசரப்படுத்தாதீங்க" என்றார். சரி, நான் எங்கே போகப் போகிறேன்.

நீ ஆப்பை நிறுத்த வேண்டாம். அரிசி வரட்டும், சோப்பு வரட்டும், மாத்திரையும் முழு அட்டையாகவே வரட்டும். நான் சொல்வதற்கென்று வைத்திருந்த பொய்யையெல்லாம் அது ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் இன்னும் நாலு வருடம் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டே நின்றிருப்பேன். என் கணக்குக்கு அது நேரத்தை மிச்சம் பிடித்துத்தான் கொடுத்திருக்கிறது. உனக்குப் பிடித்துக் கொடுக்கவில்லை என்றால் அந்தத் தாடைகளை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வா.

உன் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இரண்டு முறை படித்தார். லீவு கிடைத்ததும் நீங்கள் வருவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைப் பார்க்க அவருக்குப் பயமாக இருக்கிறதாம். எனக்கும்தான். சீக்கிரம் வா.

உன்
அப்பா